காற்று வைத்த அம்பாசிடர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் உங்களுக்கு எட்டாது. குழந்தை வைத்திருக்கிறவள் சுவரில் சாய்ந்துகொள். ஒரு காரைப் பற்றிய கதை சொல்லப்போகிறேன். கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கும் புரியும். எனக்குப் புரிந்த அளவுக்குத்தானே சொல்லப்போகிறேன். நடுவில் எங்கேயாவது குழம்பினால் பயப்படாதீர்கள். அந்தக் கார் நின்ற வீட்டிலும் எல்லோரும் குழம்பித்தான் கிடந்தார்கள்.

இரும்புலியூரில் ரயில் பாதையை ஒட்டின எங்கள் தெருவில், என் வீட்டுக்கு எதிர் வீடு சவுரிமுத்துவுடையது. ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. வீட்டுக்குள் மழை ஒழுகும், கொட்டகைக்குள் ஒழுகாது. கொட்டகையில்தான் அவனுடைய அம்பாசிடர் நின்றது. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஸ்டாண்டு. வண்டலூருக்கு மிருகக்காட்சி சாலை வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை புலி பார்க்கப் போகிறவர்களும், மற்ற நாளில் கல்யாணக்காரர்களும் நோயாளிகளும் அவனுக்குச் சவாரி. ஆனால் அவன் மனசுக்குப் பிடித்த சவாரி பரங்கிமலைதான். முட்டி வலிக்காரர்களைப் படியேற விடாமல் சாலை வழியாகச் சுற்றி மேலே மாதா கோயில் வாசலிலேயே இறக்கிவிடுவான். அதை ஒரு புண்ணியமாகவே வைத்திருந்தான்.

அவன் பெண்டாட்டி செல்வமேரி. சமையலை மரத்தூள் அடுப்பில்தான் செய்வாள். சாமில்லில் தூள் வாங்கி, அடுப்புக்கு நடுவே புட்டியை நிறுத்திச் சுற்றிலும் தூளைக் குத்திக் குத்தி இறுக்கி, பிறகு புட்டியை மெல்ல உருவுவாள். அதற்கே ஒரு கைப்பக்குவம் வேண்டும். இறுக்கம் போதாவிட்டால் பாதிச் சோற்றில் அடுப்பு சரிந்துவிடும். அவளுடைய கண்கள் எந்நேரமும் சிவந்தே இருக்கும். அவள் தம்பி தாவீது அவர்களோடுதான் இருந்தான். திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் இரவு ஷிப்ட். அம்மா அப்பா இல்லாத பையனை அக்காதான் வளர்த்தாள். வளர்ந்து மீசை வைத்த பிறகும் சவுரிமுத்துவுக்கு அவன் ஒரு கூடுதல் தட்டுதான். "இன்னும் எத்தினி நாளு?" என்று வாயால் கேட்டதில்லை. தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் வைக்கிற விதத்திலேயே கேட்டுவிடுவான்.

ஒரு புரட்டாசி மாதம், ஞானஸ்நானத்துக்குப் போகும் ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு சவுரிமுத்து பரங்கிமலை ஏறினான். பாதி ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்க வேண்டியதாயிற்று. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதற்கு ஞானத்தாயாக வந்தவள் நடந்தாள், பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. காலி வண்டி பின்னால் முனகிக்கொண்டே ஏறியது.

செய்தி அவனுக்கு முன்னாலேயே ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. எத்திராஜுலு என்று ஒரு டிரைவர், வாய்க்கு வேலை இல்லாவிட்டால் தூக்கம் வராது அவனுக்கு.

"இன்னா சவுரி, சாமி கும்புடப் போறவன் நட்ந்துதான் போணும்னு வண்டியே சொல்லிச்சாமே?"

"மூட்றா."

"டீசலுக்கு மாத்திக்கோன்னு எத்தினி தபா சொன்னேன்? ஸ்டாண்டுல நீ ஒர்த்தன்தான் பெட்ரோல் போட்டுகினு கீற. மகாராஜா."

"டீசலு வண்டி வயித்துவலிக்காரன் மாரி உறுமும். அதுல ஒக்காந்துகினு எவன் கோயிலுக்குப் போவான்?"

"இப்ப மட்டும் உன்தில ஒக்காந்துகினா போறான்? எறங்கில்ல போறான்!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சவுரிமுத்து அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்கு வந்து, கருவாட்டுக் குழம்பைத் தொடாமல் எழுந்துவிட்டான்.

அடுத்த வாரம் தாவீது ஒரு கோணிப்பையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். புதுப்பேட்டையில் பழைய சாமான் கடையில் வாங்கினதாம். ஏதோ ஜப்பான் வண்டியிலிருந்து கழற்றினது. பார்க்க அம்மிக்கல் நீளத்துக்கு ஒரு அலுமினியப் பெட்டி. உள்ளே ஒன்றோடொன்று உரசாமல் சுற்றுகிற இரண்டு உருளைகள். சூப்பர்சார்ஜர் என்றான். பட்டறைக்காரர்கள் ப்ளோயர் என்பார்களாம்.

செல்வமேரி அப்போது ரேஷன் கடை வரிசையில் நின்றாள். கொட்டகையில் ஆம்பிளைகள் இரண்டு பேரும்தான். பேசினது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் எதிரே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"மாமா, இன்ஜின் இன்னா பண்ணுது? காத்த தானா இழுத்துக்குது. எவ்ளோ இழுக்க முடியுமோ அவ்ளோதான். இது இன்னா பண்ணும்னா, காத்த அமுக்கி உள்ள தள்ளும். காத்து ஜாஸ்தின்னா பெட்ரோல் ஜாஸ்தி போவும். இழுவ ஜாஸ்தியாவும்."

"அமுக்கித் தள்னா வெடிக்காது?"

"அளவோட தள்னா வெடிக்காது. இது கம்பெனிலேர்ந்து வந்த இன்ஜின், உள்ள நம்ம எதையும் மாத்தல. அதுக்குத் தாங்குற அளவுன்னு ஒண்ணு கீது. அதுக்குள்ள நின்னுகினா ஒரு பேஜாரும் இல்ல."

"எங்க கீது அந்த அளவு? காட்டு."

தாவீது சிரித்துவிட்டான். அப்புறம் பொறுமையாகச் சொன்னான். ப்ளோயரில் பெரிய புல்லி, அதாவது பெல்ட் ஓடுகிற சக்கரம், போட்டால் அது மெதுவாகச் சுற்றும், கொஞ்சமாகத் தள்ளும். ஆகவே பெரிய புல்லிதான். பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும். பொறி அடிக்கிற நேரத்தைக் கொஞ்சம் தாமதமாக வைக்க வேண்டும். அழுத்தம் காட்ட ஒரு மீட்டர். அதில் ஒரு சிவப்புக் கோடு. முள் அதைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே நல்ல பெட்ரோல்.

"நல்ல பெட்ரோல்தான போட்றோம்," என்றான் சவுரிமுத்து.

"மோசமா இருந்தா தானா வெடிக்கும் மாமா. பொறி வர்றதுக்கு முன்னாடியே வெடிக்கும். டொக்கு டொக்குன்னு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டா உடனே கால எட்த்துடணும்."

சவுரிமுத்து அந்த அலுமினியப் பெட்டிக்குள் விரலை விட்டு உருளைகளை ஒரு சுற்று உருட்டிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "பண்ணு. ஆனா ஒண்ணு சொல்ட்டேன். என் வண்டி போச்சின்னா, இந்த வூட்ல உனுக்கு எடம் கெடையாது. உங்க அக்கா அழுதாலும் கெடையாது."

கிருஷ்ணாயில் டின்னை மண்ணெண்ணெய் சிந்தாமல் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த செல்வமேரிக்குக் கடைசி வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. அன்றையிலிருந்து அந்த வண்டி உறுமுகிற ஒவ்வொரு உறுமலுக்கும் அவள் அடுப்பை விட்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஐப்பசி மழை முழுக்க வேலை நடந்தது. தாவீது ஷிப்ட் முடிந்து வந்து, பழைய சோற்றைக் குடித்துவிட்டுக் கொட்டகைக்குள் நுழைவான். பட்டறையில் தானே கடைந்த தாங்குக்கட்டை, தானே வெட்டின புல்லி. காற்றோடு பெட்ரோலைக் கலக்கிற கார்புரேட்டரைக் கழற்றி ப்ளோயருக்கு முன்னால் மாட்டினான். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பான், தளர்த்துவான், மறுபடி இறுக்குவான். மீட்டரில் சிவப்புக் கோடு போட அக்காவின் நகப்பூச்சை வாங்கிக்கொண்டு போனான். "என் கல்யாணத்துக்கு வாங்கினதுடா அது, காஞ்சி போயிருக்கும்," என்றாள். தின்னர் ஊற்றிக் கரைத்துக்கொண்டான்.

வண்டி புறப்பட்ட அன்றைக்கு ஒரு புது விதமான சீட்டி ஒலி கேட்டது. ஊதுகுழலை யாரோ தூரத்தில் மெதுவாக ஊதுகிற மாதிரி. சவுரிமுத்து வேண்டுமென்றே எத்திராஜுலுவையும் இன்னும் நாலு தடியன்களையும் ஏற்றிக்கொண்டு பரங்கிமலைக்குப் போனான். எங்கும் நிற்காமல் உச்சிக்குப் போய்விட்டது. இறங்கி வந்து, ஸ்டாண்டில் காத்திருந்த தாவீதுக்கும் மற்ற எல்லோருக்கும் டீ சொன்னான். அப்போது தாவீதின் தோளில் கை போட்டு, "எம் மச்சான் பண்ணது," என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் தாவீதை அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை யாரும். பையன் டீயை வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

கார்த்திகையில் பாதி வரைக்கும் நல்ல ஓட்டம். மார்கழியில் மலைத் திருவிழா. அதற்கு எத்தனையோ பேர் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அந்தச் சத்தம் வந்தது.

முதலில் ஏற்றத்தில் மட்டும். தகர டப்பாவில் சோளத்தைப் போட்டுக் குலுக்கின மாதிரி. பிறகு பல்லாவரம் பாலத்திலும் கேட்டது. சவுரிமுத்து காலை எடுப்பான், நின்றுவிடும். மறுபடி மிதிப்பான், வந்துவிடும்.

அதிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"டேப்பட்டுடா," என்றான் பார்க்க வந்த எத்திராஜுலு. இன்ஜினுக்குள் வால்வைத் தட்டித் திறக்கிற துண்டாம் அது. "டேப்பட்டு லூசு. எனக்கே தெரியிது."

"டேப்பட்டுன்னா எப்பவும் சத்தம் வரும்ணா. இது ஏத்தத்துல மட்டும்தான் வருது," என்றான் தாவீது.

"அப்ப உன் பெட்டிதான். கழட்டிப் போடு."

"பெட்டி நல்லாதான் கீது."

"பெட்டி நல்லா கீது, இன்ஜின் நல்லா கீது, ரோடும் நல்லாதான் கீது. அப்ப இன்னாடா, பேயா ஓட்டுது?"

சவுரிமுத்துவுக்குத் திடீரென்று ஒரு ஞானம் வந்தது. "பெட்ரோல் பங்குக்காரன்! கலப்படம் பண்றான் கஸ்மாலம். அதான்!" என்று கத்தினான். அன்றைக்கே பங்கை மாற்றினான். குரோம்பேட்டை போய்ப் போட்டான், சத்தம் நிற்கவில்லை. அங்கேயும் கலப்படம் என்று திட்டிவிட்டு இன்னும் தூரம் போனான். தாவீது கார்புரேட்டரைப் பிரித்தான், பொறி அடிக்கிற பிளக்குகளைக் கழற்றினான். பிளக் முனை வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாடா ஆச்சு?" செல்வமேரி கேட்டாள்.

"தெரியலக்கா. எல்லாம் அளவுக்குள்ளதான் கீது. இப்டி சூடாவக் கூடாது."

"மாதாவுக்கு வேண்டிக்கினு ஒரு மெழுகுவத்தி வெக்கட்டா?"

"வெய்யி. எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் தோணல."

திருவிழாவுக்கு முந்தின வாரம், பட்டப்பகலில், மூன்று கிழவிகளையும் ஒரு சக்கர நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது டமார் என்று ஒரு சத்தம். இன்ஜினிலிருந்து நீலப் புகை. கிழவிகள் செபமாலையை உருட்டிக்கொண்டே இறங்கினார்கள். எத்திராஜுலுதான் தன் டீசல் வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். வழி முழுக்க அவன் ஒரு கிண்டலும் பேசவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது எங்களுக்கு, விஷயம் பெரிது என்று.

தாவீது இன்ஜின் தலையைக் கழற்றினான். மூன்றாவது பிஸ்டனில் கட்டை விரல் நுழைகிற ஓட்டை. ஓரமெல்லாம் மெழுகு உருகின மாதிரி இருந்தது.

சவுரிமுத்து குனிந்து பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னது நெனப்பு கீதில்ல?" என்றான். உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

"ஏங்க, மழ பேஞ்சிகினு கீது, புள்ள எங்க போவான்?" என்று செல்வமேரி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பட்டறைல படுக்கட்டும். காலைல இவன் மொகத்துல நான் முழிக்கக் கூடாது."

அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்புப் புகை வரவில்லை. நான் கொடுத்தனுப்பின ரசஞ்சோறு மறுநாள் அப்படியே திரும்பி வந்தது.

தாவீது அன்றைக்கு ஷிப்டுக்கும் போகாமல் மழைக்கு வாசலிலேயே ஒடுங்கிக் கிடந்தான். விடியற்காலையில் தூறல் விட்டிருந்தது. நான் வாசல் தெளிக்க வந்தேன். தாவீது ஒரு ரெக்ஸின் பையோடு படியில் இறங்கினான். கொட்டகைப் பக்கம் திரும்பினவன் அப்படியே நின்றுவிட்டான்.

செல்வமேரி வண்டியின் பின்னால் குனிந்து நின்றாள். டாங்கி மூடியைத் திறந்து, புனலை வைத்து, புனலில் வெள்ளைத் துணி போட்டு, புட்டியிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா. இன்னா பண்ற?"

"இன்னா பண்றேன்? கிருஷ்ணாயில் ஊத்துறேன்."

இதை நான் உங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை தெரியுமா? அந்த வீட்டிலும் யாரும் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் சவுரிமுத்து கற்றுக்கொடுத்த வேலை அது. பெட்ரோல் விலை கட்டுப்படியாகாதபோது ரேஷன் கிருஷ்ணாயிலைக் கொஞ்சம் கலந்துவிட்டால் வண்டி பழையபடி ஓடும்; இன்ஜினும் அதைச் சகித்துக்கொள்ளும். அதற்காகத்தான் அவள் மரத்தூள் அடுப்பில் கண் எரிய எரியச் சமைத்தாள். வருஷக் கணக்கில், வாசல் தெளித்து, கோலம் போட்டு, புட்டியை ஊற்றி, பாலுக்குப் போவாள். சவுரிமுத்து எழுந்திருக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். சோற்றில் உப்பு இருக்கிறதா என்று யார் யோசிக்கிறார்கள்? அவன் அதை மறந்தே போயிருந்தான். தாவீது ஷிப்ட் முடிந்து வருவதற்குள் புட்டி கழுவிக் கவிழ்த்தாகியிருக்கும். வண்டியில் மாற்றம் செய்தபோது இவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டிப் பேச்சு அவளுக்கு எதற்கு?

செத்துப்போன வண்டிக்கு அன்றைக்கும் ஊற்றினாள் பாருங்கள். கை தானாகப் போய்விட்டது.

தாவீது பையைக் கீழே வைத்தான். "எத்தினி நாளா?"

"எப்பவுமேதான். ஏண்டா, ஊத்தக் கூடாதா?"

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு மெல்லப் புரிந்தது. புட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானாடா? நானா பண்ணேன்?"

"சும்மா கம்முனு கெட அக்கா. மாமாகிட்ட சொல்லாத. நான் போறேன், போய்ட்டா முடிஞ்சிரும்."

"நான் பண்ணதுக்கு நீ ஏண்டா போற?"

"நானும் பண்ணேன்." புனலை உருவிவிட்டு டாங்கியை மூடினான். "புல்லிய மாத்திட்டேன். கார்த்திகைல. சின்னது போட்டேன், ஜாஸ்தி தள்ளட்டும்னு. மீட்டர்ல கோட்ட அழிச்சிட்டுத் தள்ளிப் போட்டேன். மாமாவுக்குத் தெரியாது. எம் மச்சான்னு சொன்னாரில்ல ஸ்டாண்டுல, இன்னும் நல்லா ஏறினா இன்னும் ரெண்டு தபா சொல்வாருன்னு..."

செல்வமேரி எழுந்தாள். புட்டியோடு உள்ளே போனாள். நான் வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். உள்ளே அவள் குரல் மட்டும் கேட்டது, ஒரே மூச்சாக.

கொஞ்ச நேரம் கழித்து சவுரிமுத்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். அவள் பின்னாலேயே வந்தாள். மச்சானையும் பையையும் பார்க்காமல் நேராக வண்டிக்குப் போய், திறந்து கிடந்த இன்ஜினுக்குள் குனிந்து நின்றான்.

"தாவீது, அந்த டிஸ்டிரிபியூட்டரு," என்றான், திரும்பாமல். "அத ஒரு நூல் திருப்பினா இன்னா ஆவும்?"

"எந்தப் பக்கம் மாமா?"

கையால் காட்டினான்.

"பொறி சீக்கிரமா அடிக்கும். யாரு திருப்பினது?"

"காலைல ஸ்டார்ட்டிங் சோம்பேறியா இருந்திச்சி. முன்னல்லாம் நான்தான வெப்பேன்... கொஞ்சம்தான். ஒரு நூலுதான்."

தூறல் மறுபடி ஆரம்பித்தது. மூன்று பேரும் கொட்டகைக்குள் நகர்ந்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. மூன்று பேரும் அந்த ஓட்டையைத்தான் பார்த்தார்கள்.

"அப்ப எதுனால போச்சி?" என்றாள் செல்வமேரி.

"தெரியலக்கா. நெசமா தெரியல. ஒண்ணொண்ணா இருந்திருந்தா தாங்கியிருக்குமோ என்னவோ."

"கிருஷ்ணாயில்தான்," என்றான் சவுரிமுத்து. "அதான் மெயினு."

"ஆங்! ஊத்தச் சொன்னது யாரு? புனல வாங்கிக் குடுத்தது யாரு?"

"நிறுத்துன்னு சொல்லியிருப்பேன், உனுக்குக் காதுல வுழுந்திருக்காது."

"சொல்லியிருப்பீங்க! ஒரு நூலு திருப்பினத வாயத் தொறந்து சொல்லாத மனுசன் இத மட்டும் சொல்லியிருப்பீங்க!"

"ஒரு நூலுல ஓட்ட வுழுமாமே? ஏம்மே, நீயே சொல்லு, வுழுமா?"

"எனுக்கு இன்னா தெரியும்? என்கிட்ட எவன் எத சொன்னான் இந்த வூட்ல?"

சத்தம் தெருமுனை வரைக்கும் போனது. நான் வாசலில் நின்றபடியே கும்பிட்டுக்கொண்டேன். அத்தனை நேரம் செத்த வீடு மாதிரி இருந்தது. இப்போது சண்டை போடுகிறார்கள், பிழைத்துக்கொள்வார்கள்.

தாவீது யாருக்கும் தெரியாமல் பையை எடுத்தான். சவுரிமுத்து சண்டைக்கு நடுவிலேயே திரும்பினான்.

"எங்கடா போற?"

"நீதான மாமா சொன்ன..."

"சொன்னேன். இன்ஜின யாரு எறக்குவா, எத்திராஜா? போய் பல்லு வெளக்கு." அவன் கையிலிருந்த பையைப் பிடுங்கிக் கதவுக்குள் எறிந்தான். பை உள்ளே எங்கேயோ போய்ப் பாத்திரத்தின் மேல் விழுந்தது. "அந்த சின்ன புல்லியக் கழட்டி என்கிட்ட குடுத்துரு. நான் ஸ்டாண்டுல வெச்சிக்கறேன். இல்லன்னா நீ மறுபடி மாட்டுவ."

"நீ மறுபடி திருப்புவ," என்றான் தாவீது, மெதுவாக.

சவுரிமுத்து அடிக்கிற மாதிரி கையை ஓங்கினான். ஓங்கின கையால் தன் தலையையே சொறிந்துகொண்டான்.

அந்த வருஷம் திருவிழாவுக்கு அந்த வண்டி போகவில்லை. பொங்கலுக்குப் பிறகு புது பிஸ்டனோடு ஓடியது. ப்ளோயர் மறுபடி ஏறியதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஏறியது, பெரிய புல்லியோடு. மூன்று பேரும் வண்டியைச் சுற்றி நின்று, என்ன செய்யப்போகிறோம் என்று ஒருத்தருக்கொருத்தர் உரக்கச் சொல்லாமல் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. ஆனால் ஓட்டை எதனால் விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். நான் கேட்டேன், ஒன்றும் விளங்கவில்லை எனக்கு.

நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள் கண்ணுகளா. உங்கள் வீடுகளில் கோபம் வந்தால் சத்தமாக வரட்டும், சீக்கிரம் போகட்டும். செய்த தப்பை முதலில் சொல்கிற ஒரு ஆள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும். அந்த ஆளுக்கு அன்றைக்குச் சூடான சோறு கிடைக்கட்டும். ஒண்ட வந்த பிள்ளைகள் உங்கள் வாசலில் நிலைக்கட்டும். நன்றாக இருங்கள், எல்லோரும் நன்றாக இருங்கள்.